மேற்படி கோட்டைக்கு நான்குமால்

தங்கபாய்க்குச் சொந்தமாக ஒரு நாடு இருந்தது. பட்டா கிடையாது. எல்லைகளை அவரே தட்டச்சு செய்தார்.

போன மாதம் காலமானார். ராஜபாளையத்தில் குடியிருந்தார், ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்கு எதிரே சுயம்புலிங்கம் நடத்திய தட்டச்சுக் கடையில் வேலை பார்த்தார், கணவர் ஐயாதுரை நூற்பாலை ஃபிட்டர், ஒரு மகள். அஞ்சலி அட்டையில் இதற்குமேல் இடம் இல்லை. மீதி இங்கே.

எண்பதுகளின் நடுவில் ஒரு வாரப்பத்திரிகையில் ‘மயில்கண் கோட்டை’ என்று ஒரு மாயக்கதை தொடராக வந்தது. கொன்றை என்ற கள்ளி, கைதேர்ந்த திருடி. அவளுடைய தம்பியின் நிழலை ஓர் அரசன் பறித்துத் தன் கோட்டைக்குள் பூட்டிவிடுகிறான். நிழல் இல்லாதவன் வெயில் பட்டால் கருகிப் போவான். தம்பியைப் பானைக்குள் உட்கார வைத்து மூடிவிட்டு, நிழலைத் திருடிவரக் கொன்றை கோட்டைக்குள் இறங்குகிறாள்.

இதைத் தங்கபாய் பேருந்தில் படித்தார். கடையில் படித்தார். கார்பன் தாள் மாற்றும் இடைவெளியில் படித்தார்.

“ஏ தங்கபாய், வாதியும் பிரதிவாதியும் ஒரே பெஞ்சில உக்காந்து உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருக்காவ. செத்த நேரம் இருந்தா ராசியாகிப் போயிருவாவ. நம்ம பொழப்பு என்னத்துக்கு ஆவும்?” என்பார் சுயம்புலிங்கம்.

“இந்தா, முடிஞ்சுட்டு அண்ணாச்சி. நிழலை எடுத்துட்டா. மடிச்சு இடுப்புல சொருகிட்டா.”

அடுத்த வாரம் கொன்றை கோட்டையின் வடக்கு வாசலுக்கு ஏறும் படிக்கட்டை அடைந்தாள். ஏழாம் படியில் கால் வைத்தாள். பின்னால் சங்கு ஊதிற்று. தொடரும்.

தொடரவில்லை. பத்திரிகையே நின்றுபோனது. பேருந்து நிலையத்துக் கடைக்காரர் சொன்னபோது தங்கபாய்க்குப் புரியவே இல்லை.

“நின்னு போச்சு தாயி. கம்பெனியையே மூடிட்டாங்களாம்.”

“அது நிக்கட்டும் அண்ணாச்சி. அவ படியில நிக்காளே?”

அன்றிலிருந்து கொன்றை அந்த வீட்டில் ஒரு ஆளாக இருந்தாள். பானையை மூடும்போது, மாடிப்படி ஏறும்போது, பேருந்தில் இடம் கிடைக்காமல் நின்று வரும்போது. “பாவம், அவளுக்கு எம்புட்டுக் கால் வலிக்கும்” என்பார். முதல் சில தடவை ஐயாதுரை “யாருக்கு?” என்று கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

பன்னிரண்டு வருடம் கழித்து, 1998இல், ராஜபாளையத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த, வீட்டில் தெலுங்கு பேசும் வைகுண்டராஜ் ஒரு கணினியும் மோடமும் வாங்கி, இடையில் பிளைவுட் தட்டி அடித்து, ‘இன்டர்நெட்’ என்று பலகை எழுதிப் போட்டார். மதுரைக்கு டயல் செய்துதான் இணைப்பு. மோடம் கீச்சிட்டு, கரகரத்து, அடங்கும். அடங்கினால் கிடைத்தது என்று பொருள். பாதி நேரம் அடங்காது.

மதுரையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த மகள் விடுமுறைக்கு வந்தபோது தங்கபாயை அங்கே கூட்டிப் போனாள். உலகத்தில் எது வேண்டுமானாலும் தேடலாம் என்றாள்.

“எது வேணாலுமா?”

“எது வேணாலும்மா.”

“மயில்கண் கோட்டைன்னு போடு.”

மகள் சிரித்தாள். ஆங்கில எழுத்தில் அடித்தாள். பக்கம் மெதுவாக இறங்கியது. மூன்றாவது வரியில் அந்தப் பெயர் இருந்தது. மின்னஞ்சல் குழு ஒன்று. அதன் முகப்பில் ஆங்கில எழுத்தில் ஒரே வாக்கியம். மகள் படித்துக் காட்டினாள்: ‘கொன்றையை ஏழாம் படியில் விட்டுவிட்டு வந்தவர்கள் இங்கே வரலாம்.’

தங்கபாய் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“ஏட்டி, இவியளும் பாத்துக்கிட்டு நிக்காவளா!”

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து வைகுண்டராஜ் எட்டிப் பார்த்தார். “ஏமி அக்கய்யா, லாட்டரி விழுந்துருச்சா?”

“தம்பி, நீ சும்மா இரு. எனக்கு ஆளு கிடைச்சுட்டு.”

சிங்கப்பூர், டொரண்டோ, மஸ்கட், சென்னை. எல்லோரும் சிறு வயதில் அந்தத் தொடரைப் படித்து ஏமாந்தவர்கள். பத்திரிகை விட்ட இடத்திலிருந்து ஆளுக்கொரு விதமாகக் கதையை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கிளைக்கதை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருவர் அனுப்பினால் மற்றவர்கள் படித்துவிட்டுப் பாராட்டுவார்கள், கிழிப்பார்கள், அதிலிருந்து இன்னொரு கிளை பிடித்து ஓடுவார்கள். யாரும் சொந்தப் பெயரில் எழுதவில்லை. குழுவை நடத்தியவர் கோட்டைக்காவலன். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், இயற்பெயர் பால்சாமி, சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. டொரண்டோவில் இருந்தவர் வடதுருவன். இளைஞர். படம் வரைவார்.

தமிழில் எழுத ஓர் எழுத்துரு வைத்திருந்தார்கள். அதைக் கணினியில் ஏற்றினால் விசைகள் தமிழ்த் தட்டச்சுப்பொறியின் வரிசையிலேயே இருக்கும். ஏற்றாத கணினியில் திறந்தால் எல்லாம் கோணல்மாணலான ஐரோப்பிய எழுத்தாகத் தெரியும். மகள் அதை ஃபிளாப்பியில் இறக்கி, பூத்துக் கணினியில் ஒன்றும், சுயம்புலிங்கம் அப்போதுதான் வாங்கியிருந்த கணினியில் ஒன்றும் ஏற்றிவிட்டு மதுரைக்குப் போனாள்.

தங்கபாய் எழுத உட்கார்ந்தார். இதற்கு முன் அவர் சொந்தமாக எதுவும் எழுதியதில்லை. இருபது வருடமாகத் தட்டியதெல்லாம் மனு, பிராது, பிரமாண வாக்குமூலம். ஆகவே கதையும் அப்படித்தான் வந்தது.

‘மேற்படி கொன்றை என்பவள் மேற்படி ஏழாம் படியில் வலது காலை வைத்த நிலையில், தன் இடுப்பில் இருந்த மேற்படி நிழலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அது உயிரோடு இருந்தது.’

அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் வேலை முடிந்து பேருந்தை விட்டு இறங்கியதும் நேரே பூத்துக்கு.

“ராண்டி அக்கய்யா. உங்களுக்கு ஏகப்பட்ட மெயில். என்ன, கேஸ் எதுவும் போட்டுட்டீங்களா?”

குழு கூத்தாடியிருந்தது. ஒருவர் ‘அது உயிரோடு இருந்தது’ என்பதை மட்டும் மேற்கோள் காட்டி, கீழே ஆச்சரியக்குறியாக நிரப்பியிருந்தார். மஸ்கட்காரர், “மாயத்தை இவ்வளவு நிதானமாகச் சத்தியம் செய்து சொன்னவர் யாரும் இல்லை. நம்பிவிட்டேன்” என்றார். கோட்டைக்காவலன், “மேற்படியார் யார்? எங்கிருந்தார் இவ்வளவு நாள்?” என்று கேட்டிருந்தார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மேற்படியார்.

பிறகு நிற்கவில்லை. காலைப் பேருந்தில் யோசிப்பார். மதியம் தூக்குச்சட்டியைத் திறக்குமுன் ஒரு பக்கம் அடிப்பார். ஃபிளாப்பியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்வார். காந்தம் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது என்று மகள் சொல்லியிருந்ததால், ஐயாதுரையின் கருவிப்பெட்டி இருந்த அறைக்குள் அதை எடுத்துக்கொண்டு நுழையவே மாட்டார். சுயம்புலிங்கத்துக்கும் தெரிந்துபோயிற்று. “இன்னைக்கு உங்க ராசா யாரைக் கொன்னான்?” என்று கேட்டுக்கொண்டேதான் கடையைத் திறப்பார்.

மூன்றாவது கிளைக்கதையில் கோட்டை எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டி வந்தது. பத்திரிகைத் தொடரில் அது சொல்லப்படவே இல்லை. தங்கபாய்க்கு இது தண்ணீர் பட்ட பாடு. சொத்து என்று ஒன்று இருந்தால் அதற்கு நான்கு பக்க எல்லை, நான்குமால், இருக்க வேண்டும். பிராதில் அடிப்பதைப் போலவே புள்ளி வைத்து நிரப்பி அடித்தார்.

உப்புக்கடலுக்கு . . . . . வடக்கு
கொக்குமலைக்கு . . . . . தெற்கு
நாணலோடைக்கு . . . . . மேற்கு
எலும்புக்காட்டுக்கு . . . . . கிழக்கு
இந்நான்கு மாலுக்கு உட்பட்டது மேற்படி கோட்டை.

கொக்குமலையை அவர் ஊர்ப் பக்கத்து அய்யனார் கோவில் மலையைப் பார்த்துச் செய்தார். அருவி, பாறை, ஒளிந்துகொள்ள மரக்கூட்டம். மனதுக்குள் ஒரு திட்டம் இருந்தது. உப்புக்கடலுக்கு வடக்கே கோட்டை. கோட்டைக்கு வடக்கே மலை. கொன்றை நிற்பது வடக்கு வாசல் படி. வாசலைத் தாண்டினால் மலை. மலைக்குள் புகுந்தால் எந்த அரசனும் பிடிக்க முடியாது.

குழுவுக்கு வெறி பிடித்தது. அதுவரை காற்றில் நின்ற கோட்டைக்குத் தரை கிடைத்துவிட்டதே. வடதுருவன் அதைப் பார்த்து ஒரு வரைபடம் போட்டு அனுப்பினார். அந்த வரைபடத்தை வைத்து ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். நாணலோடையில் முதலை. எலும்புக்காட்டில் பேசும் மண்டையோடு. தங்கபாய் எல்லாவற்றையும் படித்தார். வரைபடத்தை மட்டும் பார்க்கவில்லை. படம் இறங்க நெடுநேரம் ஆகும், அதற்குள் லைன் அறுந்துவிடும் என்று வைகுண்டராஜ் தவிர்த்துவிடுவார். கதைகளில் சிலர் குளிக்க வடக்கே போய்க் கடலில் இறங்கினார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் திசை கொஞ்சம் முன்னேபின்னே இருக்கும் போல என்று விட்டுவிட்டார்.

கார்த்திகை பிறந்ததும் கோட்டைக்காவலன் அறிவித்தார். கிளைகள் பெருத்துவிட்டன. மூலக்கதைக்கு ஒரு முடிவு வேண்டும். யார் வேண்டுமானாலும் கடைசி அத்தியாயம் எழுதலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. வென்றது குழுவின் இணையப் பக்கத்தில் ஏறும். அதன்பின் எல்லோரும் அதையொட்டித்தான் எழுத வேண்டும்.

கூடவே தன் அத்தியாயத்தையும் அனுப்பியிருந்தார். அதில் கொன்றை வடக்கு வாசலைத் திறக்கிறாள். எதிரே கடல். பின்னால் படை. நிழலைக் காற்றில் பறக்கவிட்டுவிட்டுக் கடலில் குதித்து இறந்துபோகிறாள்.

அழகாக எழுதியிருந்தார். படித்தவர்களெல்லாம் அழுததாக மெயில் போட்டிருந்தார்கள்.

“கடலா?” என்றார் தங்கபாய். “வடக்கு வாசல்ல கடல் எப்படித் தம்பி வரும்? அந்தப் படத்தை இறக்கு.”

“அக்கய்யா, லைன் தாங்காது.”

“இறக்குங்கேன்.”

படம் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு கோடாக வந்தது. முதலில் சட்டம். பிறகு நீலம். மேலும் நீலம். மேலே மலை அல்லவா இருக்க வேண்டும்? அலை அலையாக நீலம் இறங்கிக்கொண்டே வந்தது. அதன் மேல் எழுத்து: உப்புக்கடல். அத்தோடு லைன் அறுந்தது.

“நாசமாப் போச்சு! கடல் மேல இருக்கு!”

பிளைவுட் தட்டிக்கு அப்பால் திருச்சூருக்குப் பேசிக்கொண்டிருந்த வியாபாரி பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

நடந்தது இதுதான். ‘உப்புக்கடலுக்கு’, புள்ளி, புள்ளி, ‘வடக்கு’. நீதிமன்ற வாசலில் யாரைக் கேட்டாலும், கடலுக்கு வடக்கே சொத்து என்பார்கள். வடதுருவன் பிராது பார்த்திராத பிள்ளை. பட்டியல் மாதிரி வாசித்துவிட்டார். வடக்கு: உப்புக்கடல். தெற்கு: கொக்குமலை. நாடே தலைகீழாகிவிட்டது.

தங்கபாய் அன்றே ஆட்சேபணை அனுப்பினார். வடதுருவன் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார், உடனே மாற்றி வரைகிறேன் என்றார். கோட்டைக்காவலன் சம்மதிக்கவில்லை.

“மேற்படியாரே, தப்பு எங்களுடையதுதான். ஆனால் இந்தப் படத்தை வைத்து இத்தனை பேர் கதை கட்டிவிட்டார்கள். திருப்பிப் போட்டால் அத்தனையும் செத்துப்போகும். படம் மாறாது. மன்னியுங்கள்.”

நியாயமான பேச்சு. அதுதான் எரிச்சலாக இருந்தது. அவருடைய கதைக்காக மஸ்கட்காரரின் முதலையைக் கொல்லவும் மனம் வரவில்லை. கொன்றை கடலில் சாவதையும் பொறுக்க முடியவில்லை. பன்னிரண்டு வருடம் படியில் நிற்க வைத்து, கடைசியில் தண்ணீரில் தள்ளவா?

கடையில் சுயம்புலிங்கத்திடம் சொன்னார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். “மால் தப்பாயிட்டுன்னா பிழைதிருத்தல் பத்திரம் போடலாம். ஆனா எல்லாப் பார்ட்டியும் கையெழுத்துப் போடணும். உங்க ஆளுக போடுவாவளா?”

“மாட்டாவ.”

“அப்ப எடத்தை அனுபவிச்சுக்கிட்டு இருக்கவன் பக்கந்தான். கேஸ் நிக்காது.”

வெள்ளிக்கிழமை நல்ல மழை. காலையிலேயே ஐயாதுரையிடம், சாயங்காலம் குடையோடு வரச் சொல்லியிருந்தார். பேருந்தைவிட்டு இறங்கி மருந்துக்கடையைத் தாண்டி ஒரு கூரைக்கு அடியில் நின்றார். நின்றார், நின்றார். ஆளைக் காணோம். நனைந்துகொண்டே வீட்டுப் பக்கம் நடந்தார். பாதி வழியில் பின்னாலிருந்து சைக்கிள் மணி.

“ஏட்டி, எங்க போய்த் தொலைஞ்ச? ஒரு மணி நேரமா காத்துக் கெடக்கேன்!”

“நான் சொன்ன எடத்துலதான நின்னேன். மருந்துக்கடைக்கு வடக்குன்னேன்லா.”

“ஆமா. மருந்துக்கடை வடக்க இருக்க மாதிரிதான் நானும் நின்னேன்.”

“மருந்துக்கடைக்கு வடக்குங்க! மருந்துக்கடை வடக்கு இல்ல!”

“ரெண்டும் ஒண்ணுதான?” ஐயாதுரை குடையை விரித்து அவர் கையில் திணித்தார். “உன்னைக் கட்டுனதுக்குப் பத்திர பாஷையும் படிக்கணுமோ? நல்லதுக்கு வந்த எனக்கே நீ கெடைக்கல. ஒருத்தன் வெட்ட வந்திருந்தாலும் அருவாளோட அந்தப் பக்கமே நின்னுருப்பான். நீ பாட்டுக்கு இந்தப் பக்கமா வீட்டுக்குப் போயிருப்ப.”

தங்கபாய் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

“என்ன சொன்னிய?”

“ஒண்ணும் சொல்லல தாயி. நட.”

“இல்ல, வெட்ட வந்தவன் எங்க நிப்பான்?”

“அந்தப் பக்கம்…”

தங்கபாய் சிரித்தார். குடை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். “எங்கத்தை பெத்த ராசா!” என்று ஐயாதுரையின் நனைந்த தோளில் ஓங்கி ஓர் அடி. சைக்கிள் ஆடிப்போயிற்று.

சனிக்கிழமை நீதிமன்றம் விடுமுறை. கடைச் சாவியை வாங்கிக்கொண்டு போய் ஒரே மூச்சாக அடித்தார்.

அவருடைய அத்தியாயத்தில், அரசன் கோட்டையின் வரைபடத்தைத் தளபதிக்குக் கொடுக்கிறான். அந்த வரைபடத்தை வரைந்தவன் நான்குமாலைத் தலைகீழாகப் படித்தவன். நாட்டில் எல்லோரும் அதே படத்தைத்தான் நம்பி வாழ்கிறார்கள். அதை வைத்தே முதலைக்கு இரை போடுகிறார்கள், மண்டையோட்டோடு பேசுகிறார்கள். ஒரு கதையும் பொய்யில்லை. திசையின் பெயர் மட்டும்தான் பொய். கள்ளி வடக்கு வாசலில் என்று சங்கு ஊதியதும் தளபதி படத்தை விரிக்கிறான். வடக்கு வாசல், கடல் பக்கம். மொத்தப் படையையும் கடல்வாசலில் நிறுத்துகிறான்.

கொன்றைக்குப் படம் கிடையாது. கள்ளிக்கு எதற்குப் படம்? பிடரியில் படும் வெயிலை வைத்துத் திசை பார்த்தவள் அவள். எட்டாம் படி ஏறினாள். ஒன்பதாம் படி. கதவைத் தள்ளினாள். அருவிச் சத்தம் கேட்டது. ‘மேற்படி வாசலில் ஒருவரும் இல்லை’ என்று எழுதியிருந்தார் தங்கபாய்.

மாலையில் பூத்துக்குப் போனால் மோடம் கத்திக்கொண்டே இருந்தது. வைகுண்டராஜ் ஒயரைப் பிடுங்கி ஊதி மாட்டினார். மறுபடி டயல். மறுபடி. கணினியின் முதுகில் ஓர் அடி கொடுத்தார்.

“அதை அடிக்காத தம்பி.”

“அடிச்சாத்தான் அக்கய்யா இது நம்ம பேச்சு கேக்கும்.”

கேட்டது. மெயில் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயிலுக்குக் கட்டிய பட்டுச் சேலையோடு பூத்துக்கு வந்தார். பின்னால் ஐயாதுரை, பைபிளும் கையுமாக. தன் அருவாள் என்ன ஆயிற்று என்று அவருக்கும் தெரிய வேண்டியிருந்தது.

ஓட்டுகள் வந்துகொண்டிருந்தன. மஸ்கட்: “என் முதலையைக் காப்பாற்றிவிட்டீர்கள். மேற்படியாருக்கு.” சென்னை: “மேற்படியாருக்கு.” ஒருவர் கோட்டைக்காவலனுக்கு. இன்னொருவரும் அவருக்கு, அழுததற்கு நன்றியாக. வடதுருவன் புதுப் படம் அனுப்பியிருந்தார். அதே படம்தான். ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு வரி: ‘பிழையாக வரைந்தவன், அரசவைச் சித்திரக்காரன் வடதுருவன்.’

தங்கபாய் வாயில் விரலை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். கோட்டைக்காவலனிடமிருந்து ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்தது.

“தளபதியின் அறிக்கை. என் படை கடல்வாசலில் நிற்கிறது. அலைதான் அடிக்கிறது. ஆள் இல்லை. கொன்றை போய்விட்டாள். என் அத்தியாயத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மேற்படியாருக்கே ஓட்டுப் போடுகிறேன். அவள் சாவதை எழுதிவிட்டு நான் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.”

“தப்பிச்சுட்டா!” தங்கபாய் கத்திய கத்தலில் பூத்தில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். “ஏங்க, தப்பிச்சுட்டா! தம்பி, மதுரை ஹாஸ்டலுக்கு ஒரு போன் போடு!”

மகளைக் கூப்பிட ஆள் போய், அவள் மாடியிலிருந்து ஓடிவந்து, யாருக்கோ என்னவோ என்று பயந்து ரிசீவரை எடுத்தாள்.

“ஏட்டி, படியை விட்டு ஏறிட்டா!”

“யாரும்மா?”

“யாரா? படிச்ச புள்ள கேக்கிற கேள்வியைப் பாரு! வீட்டுல வேற யாரு படியில நின்னா?”

மூச்சு வாங்க வாங்க முழுக்கதையையும் சொன்னார். ஐயாதுரை ரிசீவர் பக்கம் குனிந்து, “யோசனை என்னோடது. அதைச் சொல்லச் சொல்லு” என்றார்.

போனை வைப்பதற்குள் திரையில் அடுத்த மெயில் வந்திருந்தது. மஸ்கட்காரர்: “அவள் மலைக்குள் போய்விட்டாள், சரி. கொக்குமலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?” அதற்குக் கீழே சென்னை: “ஆமாம், என்ன இருக்கிறது?”

தங்கபாய் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. தெருவில் வெயில் ஏறியிருந்தது. வீட்டில் உலை வைக்கவில்லை. ஐயாதுரை வாசலில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

“நீங்க போங்க. இந்தா வாரேன்.”

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“தம்பி, லைனை அறுத்துறாத” என்றார். பிறகு அடிக்கத் தொடங்கினார். கொக்குமலைக்கு, புள்ளி, புள்ளி, புள்ளி, வடக்கு.